கோழியின் பாதம் சொல்லும் பண்ணையின் நிலை: இறைச்சிக்கூடப் பரிசோதனை, தொடக்கநிலைச் செய்முறை

இறைச்சிக்கூடத்தில் கால்நடை மருத்துவர் செய்யும் பரிசோதனை, உண்ணத் தகாத இறைச்சியை ஒதுக்குவதற்கு மட்டும் உரியதன்று. கறிக்கோழி தன் ஐந்தாறு வார வாழ்வை எந்த நிலையில் கழித்தது என்பது அதன் பாதத்திலும் தோலிலும் உள்ளுறுப்புகளிலும் பதிந்திருக்கிறது. இதைக் கருதியே, ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோவுக்கு மேல் கோழிகளை அடர்த்தியாக வளர்க்கும் பண்ணைகளின் கோழிகளில், அறுவைக்குப் பிந்தைய பரிசோதனையின் முடிவுகளைக் கோழிகளின் நலம் நோக்கியும் மதிப்பிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் ஆணை பிறப்பித்தது.

முதற்படி, பேட்ச்களை, அதாவது ஒரே கொட்டகையிலிருந்து ஒன்றாக வரும் கோழித் தொகுதிகளை, ஒன்றோடொன்று கலக்காதிருத்தல். கொட்டகை, கோழியின் வயது, வண்டியில் ஏற்றிய எண்ணிக்கை, வளர்ப்பின்போது இறந்தவை, ஏற்றிய நேரம் ஆகியவற்றை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொட்டகைக் கோழிகள் ஒன்றாகிவிட்டால், பின்னர் நீங்கள் காணும் எதையும் எந்தக் கொட்டகைக்கும் உரியதாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் படி, வண்டியிலேயே இறந்து வந்தவற்றை எண்ணி, ஏற்றிய எண்ணிக்கையால் வகுத்தல். 3,000 கோழிகளில் 9 இறந்திருந்தால் அது 0.3 விழுக்காடு. இறந்தவை காற்றோட்டம் குறைந்த நடுக் கூடைகளில் மிகுந்திருந்தால் வெப்பத்தையும், அவற்றின் வயிற்றில் நீர் கோத்திருந்தால் பண்ணையிலேயே தொடங்கிய இதயக் கோளாற்றையும் ஐயுற வேண்டும்.

மூன்றாம் படிதான் பாதம். தொடக்கநிலையினர் வேறெதையும் செய்ய இயலாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்வீடனும் டென்மார்க்கும் இதற்குத் தெளிவான அளவுகோல் வைத்திருக்கின்றன. ஒரு பேட்சிலிருந்து 100 பாதங்களை, தேர்ந்தெடுக்காமல், வரிசையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து எடுத்து, ஒட்டியிருக்கும் அழுக்கைக் கழுவிய பின்னரே பாருங்கள். காய்ந்த எச்சம் புண்ணின் பொருக்கைப் போலவே தோன்றி ஏமாற்றிவிடும். புண்ணில்லாத, அல்லது மிகச் சிறிய மேலோட்டமான நிறமாற்றம் மட்டும் உள்ள பாதத்துக்கு 0; தோல் கறுத்து மேலோட்டமாக அரித்திருந்தால் 1; ஆழ்ந்த புண்ணும் பொருக்கும் வீக்கமும் இருந்தால் 2. டென்மார்க் முறையில், 1 பெற்ற ஒவ்வொரு பாதத்துக்கும் அரைப் புள்ளியும், 2 பெற்ற ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகளும் கூட்டுவார்கள். 60 பாதங்கள் 0, 30 பாதங்கள் 1, 10 பாதங்கள் 2 என்றால், 15-உம் 20-உம் சேர்ந்து 35 புள்ளிகள். 40 வரை ஏற்கத்தக்கது. 80-ஐத் தாண்டினால் கடுமையான நிலை.

பாதப் புண்ணுக்கு முதற் காரணம் ஈரக் கூளம், அதாவது கொட்டகைத் தரையில் பரப்பும் படுக்கைப் பொருள் நனைந்திருப்பது. கூளம் நனைவதற்கோ ஒழுகும் நிப்பிள் (கோழி கொத்தினால் நீர் சொட்டும் குழாய்முனை), தாழ்வாகத் தொங்கும் குடிநீர்க் குழாய், போதாத காற்றோட்டம், கழிச்சல் எனப் பல காரணங்கள் உண்டு. பல்லடம் பகுதியைப் போலத் தென்னை நார்க்கழிவைக் கூளமாகப் பரப்பும் இடங்களிலும் இந்தக் கணக்கை அப்படியே பயன்படுத்தலாம். சில்லறைக் கடையில் கால்களை வெட்டி எறியும் கூடையே, அருகிலுள்ள பண்ணையாளருக்கு ஒரு பரிசோதனைக்கூடம்.

நான்காம் படி, காயம் எங்கே நேர்ந்தது என்பதைப் பிரித்தறிதல். இதில் அவசரப்பட்டால் பண்ணையாளர்மீது வீண்பழி விழும். சிவந்த இரத்தக்கட்டு, பிடிக்கும்போதோ ஏற்றும்போதோ நேர்ந்தது; பச்சை படர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பதால், பச்சை நிறக் காயம் பெரும்பாலும் கொட்டகையிலேயே ஏற்பட்டது. இறக்கை எலும்பு ஒடிந்த இடத்தைச் சுற்றி இரத்தம் உறைந்திருந்தால், கோழி உயிரோடிருந்தபோதே அது ஒடிந்திருக்கிறது; வெளிறியிருந்தால் இறகு பிடுங்கும் இயந்திரத்தின் வேலை.

ஐந்தாம் படியில் உள்ளுறுப்புகளைப் பாருங்கள். ஈரல்மீதும் இதய உறைமீதும் வெண்மஞ்சள் படலம் படிந்திருந்தால் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் தொற்று இருந்திருக்கக்கூடும். உறுதிப்படுத்த ஆய்வக மாதிரி வேண்டும்.

கடைசிப் படி, முடிவைப் பண்ணைக்கு அனுப்புதல். பாதப் புள்ளி, வண்டியில் இறந்த விழுக்காடு, ஒதுக்கிய கோழிகளின் எண்ணிக்கையும் காரணமும் ஆகியவற்றை ஒரே தாளில், முந்தைய பேட்சின் எண்களுக்கு அருகிலேயே எழுதி, அடுத்த குஞ்சுகள் இறங்குவதற்கு முன் பண்ணையாளரின் கையில் சேர்த்துவிட வேண்டும். குழாயின் உயரத்தையும் கூளத்தையும் திருத்த அவருக்குக் கிடைக்கும் இடைவெளி அந்தச் சில நாட்கள்தான்.