கல்லூரியில் பசுமை வேலை: ஆர்வத்தில் நாம் செய்யும் தவறுகள்

கல்லூரியில் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பு, இன்டர்னல் தாள் திருத்தம், கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) கோப்புகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஓடி ஓடிச் செய்கிற வேலை இது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும்கூட. சாயங்காலம் உரக்குழியைக் கிளறிவிட்டு வீட்டுக்குப் போகும்போது கிடைக்கும் நிறைவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அந்த ஆசையினாலேயே, எது பயன் தருகிறது என்று நின்று பார்க்காமல் முதல் சில வருடங்களை ஓட்டிவிட்டேன்.

ஜூன் 5 அன்று மரக்கன்று நடுவதிலிருந்து தொடங்குகிறேன். உலகச் சுற்றுச்சூழல் தினம் என்பதால் எல்லாக் கல்லூரிகளும் அன்றைக்கு நடுகின்றன. கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மண் காய்ந்து கிடக்கும், பல இடங்களில் மாணவர்களே இன்னும் திரும்பியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு நல்ல மழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. நாங்கள் நட்டவற்றில் பாதிக்கு மேல் ஆகஸ்டுக்குள் கருகிவிட்டன. அடுத்த வருடம் அதே குழிகளில் மறுபடியும் நட்டோம், மறுபடியும் கருகின.

இப்போது அன்றைக்கு விதை போடுகிறோம். நாவலும் வேம்பும் பழுக்கத் தொடங்கும் காலம் அது. இரண்டின் விதையும் நாள்பட்டால் முளைக்காது, எடுத்த சூட்டோடு நாற்றுப் பையில் ஊன்றிவிட வேண்டும். அந்தக் கன்றுகளை ஒரு வருடம் வளர்த்து, அடுத்த ஆண்டு மழைக்கு நடுகிறோம். தன் கையால் ஊன்றிய விதை என்றால் ஒரு மாணவி விடுமுறையிலும் வந்து தண்ணீர் ஊற்றுகிறாள். நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போன நாட்களில் இதை நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது குப்பைத் தொட்டி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மனதை அதிகம் உறுத்தியது இதுதான். மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காத குப்பைக்கு நீலம் என்று தாழ்வாரம் முழுக்கத் தொட்டிகள் வைத்தோம். மாணவர்களும் சரியாகவே போட்டார்கள். மதியம் பார்த்தால் தூய்மைப் பணியாளர் அக்கா இரண்டையும் ஒரே வண்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கேட்டபோது அவர் சொன்னார்: “எனக்குக் குடுத்திருக்கிறது ஒரே வண்டிதானே சார்.”

தொட்டி வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எந்தத் தாழ்வாரத்தில் காகிதம் சேரும், எங்கே சாப்பாட்டுக் கழிவு சேரும், ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் எந்தத் தொட்டி நிரம்பி வழியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெண்கள் விடுதியிலிருந்து வரும் சானிட்டரி நாப்கின்களைச் சுற்றாமல் போட்டுவிடுவதால், அவற்றைக் கையால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் அது நம் கண்ணில் படாது. பிறகு தடுப்பு வைத்த வண்டியும் கையுறையும் முதலில் வந்தன. நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனித் தொட்டியில் போடும் ஏற்பாட்டை விடுதி மாணவிகளே செய்தார்கள். மற்ற தொட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம்.

பிளாஸ்டிக் ஒழிப்பு விழாவுக்கு ஃபிளக்ஸ் அடிக்காதீர்கள். ஃபிளக்ஸும் பிளாஸ்டிக்தான். துணி பேனரில் தேதி போடாமல் எழுதி வைத்தால் ஒவ்வொரு வருடமும் அதையே கட்டலாம்.

மின்சாரத்தில் நாம் செய்யும் தவறு, அளக்காமல் பேசுவது. ‘விளக்கை அணைப்போம்’ என்று சுவரெல்லாம் ஒட்டினோம், இ.பி. பில்லை ஒருமுறைகூடக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் கேட்டு ஒரு வருடப் பில்களை வாங்குங்கள். உயர் அழுத்த இணைப்புள்ள கல்லூரி என்றால் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் டிமாண்டுக்கும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவுக்கும், தனிக் கட்டணம் இருக்கும். எல்லா ஏசியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் டிமாண்ட் ஏறும். மோட்டாரை எந்த நேரத்தில் போடுவது என்று எலக்ட்ரீசியனோடு உட்கார்ந்து பேசினாலே ஒரு வழி பிறக்கும்.

மின்விசிறிக்கும் ஒரு கணக்கு போடுங்கள். பழைய விசிறி சுமார் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. (BLDC) விசிறி சுமார் 30 வாட். 400 விசிறிகள் தினம் 8 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 144 யூனிட் மிச்சம். 180 வேலை நாட்களுக்கு 25,920 யூனிட். இந்த ஒரு தாளோடு முதல்வர் அறைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். எங்களுக்கும் எல்லா விசிறியும் ஒரே தடவையில் மாறவில்லை. பழுதாகும்போது புதியது என்று முடிவானது, அதுவே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

விடுதி மெஸ்ஸிலும் அப்படித்தான். சாப்பாட்டை வீணாக்குகிற பிள்ளைகளைத் திட்டுவதை விட்டுவிட்டு, மிச்சத்தைத் தினமும் எடை போட்டு, அன்றைய உணவின் பெயரோடு எழுதி வையுங்கள். எந்தப் பதார்த்தம் குப்பைக்குப் போகிறது என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். அதைச் சமையல் மாஸ்டரிடம் மரியாதையோடு காட்டுங்கள். அளவையோ பக்குவத்தையோ அவரே மாற்றிவிடுவார்.

கடைசியாக, எல்லாவற்றையும் நானே சுமந்தது. ஒரு செமஸ்டரில் காய்ச்சலால் பத்து நாள் வர முடியவில்லை. திரும்பி வந்தபோது உரக்குழி நாறி, மூடிவிடச் சொல்லி விடுதியிலிருந்து புகார் வந்திருந்தது. யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை, தினமும் கழிவைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். மேலே சருகு போட வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

நம்மிடம் வருகிற மாணவர்கள் மூன்று வருடத்தில் போய்விடுவார்கள். அதனால் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மூன்றாமாண்டு மாணவரும், கூடவே நின்று பழகும் ஓர் இரண்டாமாண்டு மாணவரும் உண்டு. ஒரு நீள நோட்டும் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் மாணவர்கள் எழுதியிருப்பது: “ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு வாளி சருகு. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். கிளறிவிட்டு இன்னும் சருகு போடவும். சாரைக் கூப்பிட வேண்டாம்.”