ஆம்பு பேக்கைப் பிழியாதீர்கள்: இஎம்டி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஸ்கில் லேபுக்குப் புது பேட்ச் வந்திருந்தது, ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிக்கும் இஎம்டி வேலைக்குப் படிப்பவர்கள். ஒரு பையன் பொம்மையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, மூச்சு நின்றவருக்குக் கையால் காற்று கொடுக்கும் ஆம்பு பேக்கை அமுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் பேக் அவன் உள்ளங்கைக்குள் முழுசாக மடங்கியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 15 நொடியில் எட்டு. பொம்மையின் நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது, அவன் முகத்தில் திருப்தி. சுற்றி நின்றவர்கள் 'சூப்பர்டா' என்றார்கள். எனக்கு மட்டும் அடிவயிறு கலங்கியது. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் அமுக்கினேன்.

கையுறை போடு, சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறதா பார் என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பயிற்சி அறையில் தவறு என்றே தெரியாமல் போய், வண்டியில் ஏறிய பிறகு ஆளைப் பதம் பார்க்கிற சில விஷயங்கள் உண்டு. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆம்பு பேக்கை வேகமாக, முழுசாக அமுக்குவது

பெரியவர்களுக்கான பேக்கில் சுமார் ஒன்றரை லிட்டர் காற்று பிடிக்கும். மயங்கிக் கிடப்பவருக்கு ஒரு மூச்சுக்குத் தேவைப்படுவது 500 முதல் 600 மில்லி. அதாவது பாதிகூட வேண்டாம். நெஞ்சு லேசாக எழும்பத் தொடங்கினால் கையை விட்டுவிட வேண்டும். நாடி இருந்து மூச்சு மட்டும் நின்றவருக்கு 6 நொடிக்கு ஒரு முறை, நிமிடத்துக்குப் பத்து. நாடியும் நின்று, தொண்டையில் குழாயும் போடவில்லை என்றால் 30 முறை நெஞ்சை அழுத்தி, 2 முறை மூச்சு. அந்தப் பையன் கொடுத்தது நிமிடத்துக்கு 32.

பொம்மைக்கு இதனால் எதுவும் ஆகாது. அதற்கு இரைப்பை கிடையாது, மதியம் சாப்பிட்ட சோறு கிடையாது. மனிதருக்கு அப்படி இல்லை. வேகமாகத் தள்ளும் காற்று உணவுக்குழாயைத் திறந்துகொண்டு வயிற்றுக்குள் போகும். வயிறு உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரல் விரிய இடம் குறையும், உடனே இன்னும் பலமாக அமுக்கத் தோன்றும். அப்புறம் உள்ளே இருப்பதெல்லாம் மேலே வரும். மயக்கத்தில் இருப்பவரால் அதைத் துப்ப முடியாது. இன்னொரு கேடும் உண்டு. நெஞ்சுக்குள் அழுத்தம் குறையவே நேரம் கொடுக்காவிட்டால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்துபோகும். ஒரு பக்கம் வியர்க்க வியர்க்க நெஞ்சை அழுத்தி சிபிஆர் செய்துகொண்டு, மறுபக்கம் அதே ரத்த ஓட்டத்தை நாமே தடுக்கிறோம்.

இது கற்றுக்குட்டிகளின் தவறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2004-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் டாக்டர் டாம் ஆஃப்டர்ஹைடியின் குழு வெளியிட்ட ஆய்வில், சம்பவ இடத்தில் சிபிஆர் நடக்கும்போது எவ்வளவு வேகமாக மூச்சு கொடுக்கிறார்கள் என்று அளந்தார்கள். பயிற்சி பெற்றவர்களே சராசரியாக நிமிடத்துக்கு 30 கொடுத்திருந்தார்கள். பன்றிகளில் அதைச் சோதித்தபோது, நிமிடத்துக்கு 12 மூச்சு பெற்ற ஏழில் ஆறு பிழைத்தன. 30 பெற்ற ஏழில் ஒன்றுதான் பிழைத்தது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஆய்வு இல்லை. இரண்டாவது வருடம், ஒரு ராத்திரி. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் குடித்துவிட்ட ஒருவர். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது, வாயில் நுரை, மூச்சு நின்றுகொண்டே வந்தது. நாடி கிடைத்தது. வண்டியில் அவருடைய அப்பா என் எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கப் பார்க்க என் கை வேகமெடுத்தது. ஏதோ நிறையச் செய்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்றிருந்தது. பாதி வழியில் கைலி முடிச்சுக்கு மேலே வயிறு தவில் மாதிரி எழும்பி நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை. மாஸ்க்குக்குள் மஞ்சளாக ஏதோ நிறைந்தபோதுதான் பார்த்தேன்.

கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் வயிற்றில் இரண்டு விரலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யாரு பேக் அமுக்கினது?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஆள் பதினொரு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார். விஷத்துக்கே அத்தனை நாள் ஆகும் என்று கூட வேலை செய்தவர்கள் என்னைத் தேற்றினார்கள். இருக்கலாம். ஆனால் நுரையீரலுக்குள் போன சோற்றுப் பருக்கையை விஷம் அங்கே கொண்டு போய்ச் சேர்க்கவில்லை.

இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், மாணவர்கள் பேக்கை மட்டமான வேலையாக நினைப்பதுதான். தொண்டையில் டியூப் போடுவதும் நரம்பில் வென்ஃப்ளான் ஊசி போடுவதும் பெரிய வித்தை, பேக் யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்ற எண்ணம். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது வென்டிலேட்டர் போதாத நிலையில், நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு இரவும் பகலும் கையால் பேக்கை அமுக்கினார்கள். எத்தனையோ உயிர்கள் அந்தக் கைகளில்தான் ஓடின. இது மட்டமான வேலை கிடையாது.

சரி, எப்படிப் பழகுவது? பேக்கை உள்ளங்கையில் வாங்காதீர்கள். கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும், ஒரு நொடி நிதானமாக. அமுக்கத் தொடங்கும்போதே வாய்விட்டு எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு என்று ஆறு வரை. பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த ஆறு நொடி ஒரு யுகம் மாதிரி இருக்கும். அதைத் தாங்கப் பழகுவதுதான் பயிற்சி. கண் பேக்கில் இருக்கக் கூடாது, நெஞ்சில் இருக்க வேண்டும். அவ்வப்போது வயிற்றுக்குப் போக வேண்டும். பொம்மைக்கு வயிறு உப்பாது என்றாலும் அங்கே பார்த்துப் பழகுங்கள்.

மாஸ்க்கை முகத்தின் மேல் அமுக்குவதும் இதோடு சேர்ந்த தவறு. தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும். மேலிருந்து அமுக்கினால் தாடை கீழே போய்க் காற்றுப் பாதை அடைபடும். ஒரு கையால் தாடையும் மாஸ்க்கும் பிடித்து மறு கையால் அமுக்குவது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்கட்டும். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 வண்டி ஓடத் தொடங்கியதிலிருந்தே பின்னால் ஒரு இஎம்டி, முன்னால் வண்டி ஓட்ட ஒரு பைலட் என்பதுதான் ஏற்பாடு. ஓடும் வண்டியில் உங்களுக்கு இரண்டாவது ஆள் கிடையாது. நான், கூட வரும் உறவினரிடமே பேக்கைக் கொடுத்துவிடுவேன். "நான் 'ம்' சொன்னா மட்டும் பாதி அமுக்கி விடுங்கண்ணே" என்றால் அழகாகச் செய்வார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிதானத்துக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

'பார்த்தாச்சு சார்'

செய்முறைத் தேர்வில் மாணவர்கள் கையை அசைக்காமல் வாயாலேயே நோயாளியைச் சோதித்துவிடுவார்கள். "நெஞ்சு பார்த்தாச்சு சார், முதுகு பார்த்தாச்சு சார், பிபி 120/80 சார்." நேரம் மிச்சமாகிறது என்று பயிற்சி கொடுப்பவர்களும் விட்டுவிடுகிறோம். அதில் எங்கள் பங்கு பெரியது.

என்னிடம் படித்த ஒரு பெண், பைக் விபத்தில் அடிபட்டவரின் முதுகை இப்படித்தான் 'பார்த்தாள்'. இறக்கும்போது ஸ்ட்ரெச்சர் விரிப்பு ஊறியிருந்தது. அதிலிருந்து பொம்மையின் சட்டைக்குள், முதுகுப் பக்கம், சிவப்பு மையில் நனைத்த பஞ்சை ஒட்டிவைக்கிறேன். கையை விட்டுத் தடவி, விரலில் மை ஒட்டியதைக் காட்டினால்தான் மார்க். சொன்னதற்கு மார்க் கிடையாது.

கழுவாத விரலில் சர்க்கரை பார்ப்பது

பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் விற்கும் ஒருவர், சர்க்கரை நோயாளி, மயங்கி விழுந்துவிட்டார். மாணவன் ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துக் குத்தினான். குளுக்கோமீட்டர் 380 காட்டியது. அவனும் சர்க்கரை ஏறிவிட்டது என்று எழுதப் போனான். ஆனால் ஆள் சில்லிட்டு, சட்டை பிழியும் அளவுக்கு வியர்த்திருந்தார். அது ஏறிய உடம்பு மாதிரி இல்லை. மறு கையின் விரலைத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் குத்தினேன். 41. சர்க்கரை ஏறவில்லை, இறங்கியிருந்தது.

பலாச்சுளையின் சாறு விரலில் காய்ந்திருந்தது. மயங்கியவர் வாயில் வீட்டார் சர்க்கரையைத் திணிக்கும்போதும் கையில் ஒட்டும். ஸ்பிரிட் மட்டும் போதாது. மீட்டரும் உடம்பும் வேறு வேறு கதை சொன்னால் மீட்டரைத் திரும்பக் கேளுங்கள்.

வழுவழு தரையில் மட்டுமே பழகுவது

லேபில் நாலு பக்கமும் ஆள் நின்று புரட்டுவது சுலபம். வீட்டில் ஆள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் கிடப்பார். பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு, அந்த இடுக்கில் பொம்மையைக் கிடத்திப் பழகுங்கள். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வளைவில் வென்ஃப்ளான் போடப் பார்த்தால் உங்களையே குத்திக்கொள்வீர்கள். கிளம்பும் முன் போடுங்கள், இல்லையென்றால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள்.

நெஞ்சை அழுத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்திருப்பது

முழுசாக எழும்ப விடுங்கள். எழும்பும்போதுதான் இதயம் நிறைகிறது.

காலர்

கழுத்து அசையாமல் இருக்க மாட்டும் பட்டை. அளவு பார்க்காமல் மாட்டாதீர்கள். பெரிய காலர் கழுத்தை இழுத்து நீட்டிவிடும்.

டூர்னிகே

ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை. கட்டிய நேரத்தை எழுதுங்கள். மேலே துணி போட்டு மூடாதீர்கள்.

சக்‌ஷன்

ஆம்பு பேக்கைக் கையில் எடுக்கும் முன், வாயில் வருவதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷனை ஆன் செய்து, குழாய் முனையை விரலில் வைத்துப் பாருங்கள். அன்றைக்கு ராத்திரி என் சக்‌ஷன் இழுக்கவில்லை.