புராஸ்டேட் அறுவை முடிந்து வீடு திரும்பிய பின் செய்யும் தவறுகள்

புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதும் அகற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் சில நாட்களிலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள். அதன் பிறகு நேரும் தவறுகளில் பல, கூச்சத்தால் நேர்பவை. சிறுநீர் கசிவதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் மனதுக்குள் புழுங்குகிறவர்கள் ஏராளம். மருத்துவரிடம் கேட்டிருந்தால் எளிதாகத் தீர்ந்திருக்கும் பிரச்சினையை அவர்கள் மாதக்கணக்கில் சுமக்கிறார்கள்.

முதலில் டியூப், அதாவது சிறுநீர் வடிவதற்காகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டிருக்கும் குழாய் (கதீட்டர்). சுரப்பியை எடுத்ததும், சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளியேறும் பாதையையும் தைத்து இணைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை, பொதுவாக 1 முதல் 2 வாரம், டியூப் உள்ளே இருக்கும். அது தவறிக் கழன்றுவிட்டால், பக்கத்தில் கிடைக்கும் யாரையாவது அழைத்து மாட்டிக்கொள்வது பெரிய ஆபத்து, தையல் பிரிந்துவிடலாம். அறுவை செய்த மருத்துவக் குழுவிடம்தான் போக வேண்டும். மலச்சிக்கலுக்குத் தானாகவே எனிமா எடுப்பதும் கூடாது. மலக்குடல் அந்தத் தையலுக்கு மிக அருகில் இருக்கிறது. முக்காமல் மலம் கழிய மருத்துவர் தரும் மருந்தே போதும்.

சற்று நடமாடிய பிறகு சிறுநீர் இளஞ்சிவப்பாக வந்தால் பதற வேண்டாம். சிறுநீர் வருவது நின்று அடிவயிறு உப்பி வலித்தாலோ, ரத்தக்கட்டிகள் வந்தாலோ, குளிர்காய்ச்சல் கண்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓய்வு என்ற பெயரில் படுக்கையிலேயே கிடப்பது அடுத்த தவறு. புற்றுநோய், இடுப்புப் பகுதி அறுவை இரண்டுமே கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பை அதிகரிப்பவை. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பதும், திடீரென மூச்சுத் திணறுவதும் அவசர அறிகுறிகள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எழுதித் தந்திருந்தால், உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் விடாதீர்கள். முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம். கனமான பொருளைத் தூக்குவதை மட்டும் சுமார் 6 வாரம் தள்ளிப்போடுங்கள்.

டியூப் எடுத்ததும் சிறுநீர் கசியும். ஏறக்குறைய எல்லோருக்கும் கசியும். இதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை எரிச்சலூட்ட, அவசரமும் கசிவும்தான் கூடும். உண்மையில் உதவுவது இடுப்புத் தளத் தசைப் பயிற்சி, அதாவது சிறுநீரை அடக்க உதவும் இடுப்பின் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. அதையும் பலர் தவறாகவே செய்கிறார்கள்: வயிற்றை இறுக்கி, பிட்டத்தைச் சுருக்கி, மூச்சையும் அடக்கிக்கொள்கிறார்கள். கண்ணாடி முன் ஆடையின்றி நின்று, வாயு பிரிவதை அடக்குவதுபோல் இறுக்கிப் பாருங்கள். ஆணுறுப்பின் அடிப்பகுதி சற்றே உள்ளிழுபட்டு, விதைப்பை மேலெழுந்தால் சரியான தசை அதுதான். டியூப் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. பிறகு தினமும் செய்வதுடன், இருமுவதற்கும் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் ஒரு நொடி முன்பே அந்தத் தசையை இறுக்கப் பழகுங்கள். பெரும்பாலோருக்கு 3 முதல் 12 மாதத்துக்குள் கசிவு வெகுவாகக் குறைகிறது. பல மாதங்கள் கழித்துச் சிறுநீர்த் தாரை மெலிந்தால், தழும்பால் பாதை சுருங்கியிருக்கலாம், சொல்லுங்கள்.

தாம்பத்தியம் முடிந்துபோனது என்று ஒரே மாதத்தில் முடிவு கட்டாதீர்கள். நரம்புகளைக் காப்பாற்றிச் செய்த அறுவையிலும் விறைப்பு மீள 2 ஆண்டுவரை ஆகலாம். விந்து இனி வெளிவராது, ஆனால் உச்ச உணர்வு இருக்கும். விறைப்புக்கான மாத்திரையைக் கடையில் தானாக வாங்குவது மட்டும் வேண்டாம்: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர் சில்டனாபில் போன்ற அந்த மாத்திரையைப் போட்டால் ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்குச் சரியக்கூடும்.

கடைசியாக, பிஎஸ்ஏ பரிசோதனை, அதாவது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. முதல் சோதனை பொதுவாக 6 முதல் 8 வாரத்தில். அறிக்கையில் ‘4 வரை இயல்பு’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது சுரப்பி உள்ளவர்களுக்கான அளவு. சுரப்பியை எடுத்தவருக்கு அது கண்டறிய முடியாத அளவுக்கு, பொதுவாக 0.1-க்கும் கீழே, இறங்கியிருக்க வேண்டும். 0.2-ஐத் தொட்டு, மறுசோதனையிலும் அப்படியே வந்தால் நோய் திரும்புவதாகக் கருதுகிறார்கள். கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்பட்டால் அது நன்றாகப் பலன் தருவது அளவு இப்படிக் குறைவாக இருக்கும்போதுதான். ஆகவே ஆண்டுகள் பல ஆனாலும், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், சோதனையை நிறுத்தக் கூடாது.