கிறிஸ்தவப் பள்ளிக்குக் குறிக்கோள் எழுதும்போது

கிறிஸ்தவப் பள்ளிகளின் குறிக்கோள் பலகைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. அன்பு, ஒழுக்கம், சேவை, முழுமையான வளர்ச்சி. ஓரத்தில் ஒரு சிலுவை. சிலுவையை எடுத்துவிட்டால் எந்தப் பள்ளிச் சுவரிலும் மாட்டலாம். இயற்பியலும் வேதபாடமும் எடுத்தவன் என்பதால், குறிக்கோள் எழுதும் குழு என்றால் என்னையும் கூப்பிட்டுவிடுவார்கள். அங்கே சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.

தலைப்புகளுக்கு அலைய வேண்டாம், லூக்கா 2:52 போதும்: “இயேசுவானவர் ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார்.” அறிவு, உடல், கடவுள், சக மனிதர் எல்லாம் ஒரே வசனத்தில் வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் பிள்ளை என்ன செய்யும் என்று எழுதுங்கள். ‘நேர்மை’ என்று எழுதி வைத்தால் யாருக்கும் வேலை இல்லை. ‘எங்கள் மாணவர் கண்ட அளவை அப்படியே எழுதுவார்’ என்று எழுதிப் பாருங்கள், ஆசிரியருக்கு அன்றைக்கே வேலை வந்துவிடும்.

நூலில் குண்டைக் கட்டி ஆடவிடும் தனி ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். ஆகவே விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, 20 அலைவுக்கான நேரத்தை அதற்குத் தோதாக அட்ஜஸ்ட் செய்து ரெக்கார்டில் ஏற்றுவார்கள். 9.8 வந்தால் முழு மதிப்பெண் என்று வைத்திருக்கும் ஆசிரியர்தான் இந்தப் பொய்யைப் பழக்குகிறார். காலை ஜெபத்தில் உண்மையைப் பற்றிப் பேசியவரும் அவராகவே இருக்கலாம்! 9.6 என்று எழுதி, ‘குண்டின் மையம்வரை அளக்காமல் நூலை மட்டும் அளந்துவிட்டேன்’ என்று காரணமும் சொன்ன ரெக்கார்டுக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

வானியலாளர் கெப்ளர் இறையியல் படித்தவர். செவ்வாயின் பாதையைக் கணித்தபோது அவருடைய கணக்குக்கும் மூத்த வானியலாளர் டைக்கோ பிராஹே அளந்து வைத்ததற்கும் 8 கோண நிமிடம் இடித்தது. முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசி, அவ்வளவுதான். கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். அவர் அளவை நம்பிக் கணக்கைத் தூக்கிப்போட்டார். செவ்வாய் நீள்வட்டத்தில் சுற்றுகிறது என்று 1609-இல் வெளியிட்டார். பாடத்தையும் விசுவாசத்தையும் இணைப்பது என்றால் எனக்கு இதுதான். நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், அதன் பரப்பளவு என்ன என்று கேட்பதெல்லாம் இணைப்பில் சேராது.

வளர்த்திக்கு ஒரே வரி: விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கக் கூடாது.

தேவகிருபையில் கொஞ்சம் நிதானம் தேவை. ‘மாணவர் அனைவரும் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்வர்’ என்று எழுதவே எழுதாதீர்கள். அது பள்ளியின் கையில் இல்லை. எண்ணிக்கை கேட்கத் தொடங்கினால் பிள்ளைகள் நடிக்கத் தொடங்குவார்கள். பள்ளியால் ஆவதை எழுதுங்கள்: பள்ளியை முடிப்பதற்குள் ஒரு சுவிசேஷத்தையாவது முழுதாக வாசித்திருப்பார், சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்கப் பயப்படமாட்டார். வேற்று மதத்துப் பிள்ளை ஜெப நேரத்தில் சும்மா இருக்கவும் இடம் வேண்டும். மற்றபடி, பிள்ளைக்குக் கருத்தாய்ப் போதிக்கும் வேலையை உபாகமம் 6:7 பெற்றோரிடம்தான் தருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் கல்வி பற்றிய அறிக்கையில் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்றது. பள்ளி கூடவே நடக்கலாம், அவர்கள் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

மனுஷர் தயவு என்பது தண்டனையில்தான் தெரியும். மத்தேயு 18:15 தவறியவனிடம் தனியாகப் பேசச் சொல்கிறது. அசெம்பிளியில் நிறுத்தி வைத்துத் திட்டும் பள்ளிக்கு அந்த வசனம் எதற்கு? திருடியவன் திருப்பிக் கொடுக்கட்டும், உடைத்தவன் சரிசெய்ய உதவட்டும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்ன வரிவசூலிப்பவன் சகேயுபோல. அப்புறம், பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை தராதே என்கிறது யாக்கோபு 2. ஆண்டு விழாவில் முன்வரிசை யாருக்கு என்பதையும் குழு பேசி முடிக்கட்டும். இதில்தான் சண்டை வரும். வரட்டும்.

எழுதி முடித்ததும் கால அட்டவணை, மதிப்பெண் முறை, தண்டனைப் பதிவேடு, சேர்க்கைப் படிவம் நான்கையும் மேசையில் பரப்புங்கள். எந்தக் குறிக்கோள் இவற்றில் ஒன்றையாவது மாற்றவில்லையோ அதை அடித்துவிடுங்கள். ஐந்து மிஞ்சினாலே பெரிது. அந்த ஐந்தையும் பலகை எழுதுபவரிடம் கொடுப்பதற்கு முன் ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துவிடுங்கள்.