நினைவு விருதுக்கு ஓவியம் அனுப்பறீங்களா? இதெல்லாம் பண்ணாதீங்க

காலமான ஒரு பேராசிரியர் பேர்ல காலேஜ்ல ஸ்டூடண்ட்ஸுக்கு ஆர்ட் அவார்ட் குடுப்பாங்கல்ல, அதுக்கு அறிவிப்பு வந்த உடனே நிறைய பேர் செய்யறது, பழைய குரூப் போட்டோலேர்ந்து அவர் மூஞ்சிய பெருசாக்கி அதையே வரைஞ்சு அனுப்பறது. போர்ட்ரெய்ட்தான் வேணும்னு கேட்டிருந்தா சரி, இல்லன்னா வேணாம். ஒரே முகம் வரிசையா வந்தா பாக்கறவங்களுக்கு எது யாருதுன்னே மனசுல நிக்காது. அத விட அவர் என்ன பாடம் எடுத்தார்னு பாருங்க, ஏன்னா சில விருது வாட்டர்கலருக்கு மட்டும், சிலது பிரிண்ட்மேக்கிங்குக்கு (அச்சுப் பதிச்சு எடுக்கற படம்) மட்டும்னு அத வெச்சேதான் விதி போட்டிருப்பாங்க.

அடுத்து போட்டோ. இதுலதான் நல்ல வேலையெல்லாம் அடி வாங்குது. முதல் ரவுண்டுல பெரும்பாலும் ஜூரி, அதாவது நடுவர்கள், உங்க ஓவியத்த நேர்ல பாக்கவே போறதில்ல, போட்டோதான். கண்ணாடி ஃப்ரேமோட எடுத்தீங்கன்னா கறுப்பா இருக்கற எடத்துலெல்லாம் உங்க கையும் போனும்தான் தெரியும், அதனால ஃப்ரேம் போடறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. வெயில் நேரா அடிக்காத பகல் வெளிச்சம் போதும், லைட் வெச்சா ரெண்டு பக்கமும் 45 டிகிரில வைங்க. கேமரா ஓவியத்தோட நடுவுக்கு நேரா இருக்கணும், இல்லன்னா சதுரம் சாய்ஞ்சு போய் நிக்கும். ஃபில்டர் போடவே போடாதீங்க. வாட்ஸ்அப்ல வந்த காப்பிய அப்லோட் பண்ணாதீங்க, அது சுருங்கிப்போன படம், ஒரிஜினல் ஃபைலயே குடுங்க.

அளவு எழுதும்போது உயரம் முதல்ல, அகலம் அப்புறம். 60 x 90 செ.மீ.ன்னு போட்டா படுத்த படம்னுதான் எடுத்துப்பாங்க.

படத்தோட அனுப்பற ஸ்டேட்மென்ட்ல, அதாவது உங்க ஓவியத்த பத்தின குறிப்புல, "ஐயாவின் ஆசியுடன், கலை என் உயிர்மூச்சு"ன்னு ஆரம்பிக்கறவங்க பாதி பேர் அவர பாத்தே இருக்க மாட்டாங்க (படிக்கறவங்களுக்கு அது தெரியாதா என்ன). "மேல பூசின நீலத்த பிளேடால சுரண்டினேன், அடியில இருந்த பழைய கோடு தெரிஞ்சுது, அத அப்படியே விட்டுட்டேன்", இப்படி என்ன செஞ்சீங்களோ அத எழுதுங்க போதும். நெட்ல எடுத்த யாரோட போட்டோவயோ பாத்து அப்படியே வரைஞ்சிருந்தா அனுப்பாதீங்க, காப்பிரைட் பிரச்சனைல கொண்டுபோய் விடும்.

செலக்ட் ஆகி ஒரிஜினல் கேட்டா, ஆயில் பெயிண்ட் காய்ஞ்சிருக்கான்னு பாருங்க, தடியா பூசினது காய வாரக்கணக்குல, சிலது மாசக்கணக்குல ஆகும். சார்கோல் (கரி), பேஸ்டல் (கலர் சாக்)னா பொடி உதிராம புடிச்சு வெக்கற ஸ்ப்ரே, ஃபிக்ஸட்டிவ், அடிங்க.

கடைசியா, யாரும் படிக்காத ஒரு வரி: பர்ச்சேஸ் அவார்ட். அப்படி இருந்தா குடுக்கற பணம் பரிசு மட்டும் இல்ல, ஓவியத்தோட விலையும் அதுதான், ஜெயிச்சா படம் காலேஜுக்கு போயிடும். காப்பிரைட் பொதுவா உங்ககிட்டயே இருக்கும், ஆனா அதையும் எழுதிக் குடுக்கச் சொல்றாங்களான்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க, குடுக்க மனசில்லாத படம்னா வேற ஒண்ண அனுப்புங்க.