பழைய ரைஃபிள் கட்டையில் உப்புத்தாள் வைக்கும் முன்

சாப்டூர் மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. காட்டுப்பன்றியை விரட்டத் தாத்தா உரிமத்தோடு வைத்திருந்த .315 ரைஃபிள் இப்போது அப்பா பெயரில் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் இருக்கும் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் மரக்கட்டையைப் பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று சாண்டர் மெஷினை இரவல் வாங்கி வந்தேன். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், தடுக்கவில்லை. இருபது நிமிஷத்தில் அழுக்கு போனது. கூடவே அடித்தட்டை ஒட்டியிருந்த மரத்தின் விளிம்பும் போனது. இன்றைக்கும் அந்த இரும்புத் தட்டு மரத்தைவிட ஒரு நூல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, தோளில் வைத்தால் சட்டையை இழுக்கிறது.

அதனால் மெஷின் வேண்டவே வேண்டாம். கையால் தேய்த்தாலும் தாளுக்குப் பின்னால் ஒரு மரத்துண்டோ ரப்பர் துண்டோ இருக்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் மெத்தென்ற இடம் குழியும், கெட்டியான ரேகை மேடாக நிற்கும். அடித்தட்டைக் கழற்றாமல், அதன்மேல் டேப் ஒட்டி, மரத்தையும் தட்டையும் ஒரே மட்டத்தில் வைத்துத் தேய்ப்பதுதான் பாதுகாப்பு. இரும்பு உட்காரும் குடைவுகளுக்குள் தாளைக் கொண்டுபோகவே கூடாது. சுடும்போது வரும் உதைப்பைத் தாங்குவது அந்தக் குடைவுகளின் முகங்கள்தான். அங்கே கொஞ்சம் தேய்ந்தால் இரும்பு ஆட ஆரம்பிக்கும், குறி தப்பும், ஒருநாள் கட்டையே பிளக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. தேய்க்கத்தான் வேண்டுமா? பாதிக் கட்டைகளுக்கு வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஐம்பது வருஷக் கைவேர்வையும் தூசியும் எண்ணெயும் சேர்ந்த கறுப்பைத்தான் 'பாலிஷ் போய்விட்டது' என்று நினைத்துக்கொள்கிறோம். துணியில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், அடியில் நல்ல மரம் சிரிக்கும். சில கட்டைகளில் தொழிற்சாலை முத்திரை மரத்திலேயே குத்தியிருக்கும். பிடியில் சதுரம் சதுரமாகக் கீறிய சொரசொரப்பு வேலைப்பாடும் இருக்கும். தாள் பட்டால் இரண்டும் போயே போய்விடும். கீறல் வேலைப்பாட்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்தால் போதும்.

சரி, சட்டம், உரிமம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வேட்டை என்பது இங்கே முடிந்த கதை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் வந்த அதன் திருத்தமும் அதை முடித்துவிட்டன. ஆனால் துப்பாக்கி இருக்கிறது, அதற்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவே தனி உரிமம் வேண்டும். நல்ல கைவேலைக்காரர் என்பதற்காகத் தெருமுனை ஆசாரியிடம் ரைஃபிளைக் கொடுத்துவிட்டு, 'சாயந்திரம் வந்து வாங்கிக்கிறேன் அண்ணே' என்று வந்துவிடுவது இரண்டு பேருக்கும் வம்பு. உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். வேறொருவர் எடுத்துப் போவதானால் உரிமதாரர் கூடப் போகவேண்டும், அல்லது எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கவேண்டும். இரும்பில் குத்தியிருக்கும் எண்ணின் மீது தாளோ அமிலமோ படவே கூடாது, அதை அழிப்பது குற்றம்.

வீட்டில் வேலையைத் தொடங்கும்போது தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பாருங்கள். அப்புறம் திருகு. காடியில் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை சிதைந்துவிடும். பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த பழைய லீ-என்ஃபீல்டு வகை ரைஃபிள்களில் இன்னொரு ஆபத்து உண்டு. பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டின் சதுர நுனி முன்கட்டைக்குள் ஒரு சிறு தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் பின்னால் போல்ட்டைத் திருகினால், நுனி சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். முதலில் முன்கட்டை, அப்புறம்தான் பின்கட்டை.

அமுங்கிய பள்ளங்களைத் தேய்த்து மட்டமாக்குவதும் வீண் வேலை. ஒரு பள்ளத்துக்காகக் கட்டை முழுவதையும் இளைக்க வைப்பானேன்? பருத்தித் துணியை நனைத்துப் பள்ளத்தின்மேல் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில நொடிகள் அழுத்துங்கள். ஆவி உள்ளே போனதும் நசுங்கிய நார் உப்பி எழும்பும். நார் வெட்டுப்பட்டிருந்தால் மட்டும் இது பலிக்காது.

எங்கள் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது, தேங்காய் எண்ணெய். ஆயுத பூஜைக்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவோம். தேங்காய் எண்ணெய் மரத்தில் காயவே காயாது. நல்லெண்ணெயும் ஒழுங்காகக் காயாது. பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, சிக்கு வாடை அடிக்கும். துப்பாக்கி இரும்புக்குப் போடும் எண்ணெயும் அப்படித்தான். விசைக்குப் பின்னால் கட்டை கறுத்து மெத்தென்று இருந்தால், வருஷக்கணக்காக வழிந்த எண்ணெய் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். சாக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தட்டிவிட்டு, மறுபடி பூசினால் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் வெளியேறும். திறந்த இடத்தில், அடுப்பும் பீடியும் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. அவசரத்துக்குக் காஸ்டிக் சோடா போட்டால் மரத்தின் நாரே வெந்துவிடும்.

தேய்த்தே ஆகவேண்டுமென்றால் 180-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 320-இல் நிறுத்துங்கள், மர ரேகை ஓடும் திசையில் மட்டும். நடுவில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், படுத்திருந்த நார் எழுந்து நிற்கும். அதையும் இலேசாகத் தேய்த்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்களின் கட்டை முதல் மழைக்காலத்தில் சொரசொரத்துவிடும். இரும்புக் கம்பளியும் வேண்டாம். அதன் துணுக்குகள் வால்நட் மரத்தில் தங்கி, ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளியாகிவிடும்.

பூச்சுக்கு நான் நம்புவது பெயிண்ட் கடையில் கிடைக்கும் 'டபுள் பாயில்டு' லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். காய்ச்சாத பச்சை எண்ணெய் காய நாள்கணக்கில் ஆகும். முதல் கைக்கு டர்பன்டைன் கலந்து இளக்கிப் பூசி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் காயவிட்டு அடுத்த கை. இப்படி ஐந்தாறு கை. ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் மேலே தோல் படிந்து உள்ளே ஒட்டிக்கொண்டே இருக்கும். குடைவுகளுக்கும் அடித்தட்டு மூடும் வெட்டுமுனைக்கும் மெல்லிசாக ஒரு கை கொடுக்க மறக்காதீர்கள், ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான். மெலமைன், பியூ (பாலியூரிதேன்) என்று பிளாஸ்டிக் போன்ற பாலிஷைக் கண்ணாடி மாதிரிப் பூசுவதும் நடக்கிறது. எனக்குப் பிடிக்காது, ஒரு இடம் பெயர்ந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். அதற்காகச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயப்போடுவதும் கூடாது, கட்டை முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். மாசி, பங்குனியில் நிழலான திண்ணை போதும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. லின்சீட் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு துணியையும் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

விரிசல் பற்றி ஒரே வார்த்தை. இரும்பை ஒட்டி விரிசல் தெரிந்தால் ஃபெவிகாலைத் தேடாதீர்கள். எண்ணெய் ஊறிய மரத்தில் அது பிடிக்காது, உதைப்பையும் தாங்காது. உரிமம் உள்ளவரிடம் காட்டும்வரை அந்த ரைஃபிள் சுடக்கூடாத ரைஃபிள்.

எங்கள் கட்டையின் இடப்பக்கத்தில் பாட்டி வைத்த குங்குமம் ஊறி மங்கலாக ஒரு சிவப்பு இருக்கிறது. இரண்டாவது தடவை கையால் வேலை செய்தபோது அதைச் சுற்றித்தான் தேய்த்தேன். இப்போது ஆயுத பூஜைக்குப் பொட்டைப் பெட்டிமேல் வைக்கச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்.