ஷாஷி ஊரைப் புரிந்துகொள்ள ஆற்றிலிருந்து தொடங்குங்கள்

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் தாலி, லிஜியாங் நகரங்களுக்கு நடுவே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது ஷாஷி. பாய் இன மக்களின் சிற்றூர். விடுதியில் கொடுக்கும் வரைபடத்தை மடித்துப் பையில் வையுங்கள், கடைகளின் பெயர்தான் அதில் அதிகம்.

முதலில் ஹெய்ஹுய் ஆற்றுக்குப் போங்கள். ஊரின் கிழக்கு ஓரத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடி, கடைசியில் மேகாங் ஆற்றில் கலக்கிறது. அதன் குறுக்கே உள்ள யுஜின் பாலம் ஒற்றை வளைவுக் கல்பாலம். அதன் உச்சியில் நின்று மேற்கே திரும்பினால் ஓட்டுக்கூரைகள், கிழக்கே வயல்கள், அப்புறம் மலை. பாதி ஊர் அங்கேயே பிடிபட்டுவிடும். வெயில் ஏறுமுன் போவது நல்லது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

சரி, இப்போது கிழக்கு வாசல் வழியாக உள்ளே வாருங்கள். மண்சுவர் வாசல், குறுகலானது. சந்து நேராகச் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். மேற்கே 1415இல் கட்டிய ஷிங்ஜியாவ் கோயில், அதற்கு எதிரே நாடக மேடை. தேயிலையும் உப்பும் சுமந்த குதிரைகள் இறங்கிய சந்தைத் திடல் இதுதான். சுற்றியுள்ள மலைகளில் உப்புக் கிணறுகள் இருந்ததால்தான் இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய சதுக்கம் என்பது என் கணிப்பு.

வெள்ளிக்கிழமை வர முடிந்தால் வாருங்கள். அன்றுதான் வாரச் சந்தை. ஆனால் அதைச் சதுக்கத்தில் தேடாதீர்கள், புதிய சாலைப் பக்கம் போய்விட்டது. மலைக் கிராமத்தார் எந்தெந்தத் திசையிலிருந்து இறங்கி வருகிறார்கள் என்று கவனித்தால், பழைய பாதைகள் எவை என்பது தெரிந்துவிடும்.